நார் போகும் வழி

தவில் வாசிப்பவர்கள் வலக்கை விரல்களில் மாட்டிக்கொள்ளும் கூடு செய்யப்படும் முறை எளிமையானது. துணியைச் சிறு நாடாக்களாகக் கிழித்து, பசையில் தோய்த்து, விரலளவுக்குச் சுற்றுகிறார்கள். ஒரு சுற்றின்மேல் அடுத்த சுற்று ஏறுகிறது. காய்ந்து இறுகியதும் கூடு ஆயத்தம். துணியை மட்டும் சுற்றியிருந்தால் நாலு அடியில் அவிழ்ந்து தொங்கும். பசையை மட்டும் காயவிட்டிருந்தால் முதல் அடியிலேயே பொடிந்து கொட்டும். இரண்டும் சேர்ந்ததால்தான் அது திருவிழா இரவு முழுக்கத் தோலில் மோதியும் நிற்கிறது. பெருவிரலுக்குச் செய்தது சின்னிவிரலுக்கு ஆகாது. ஒருவருடையது மற்றவருக்குப் பொருந்தாது.

யாழ்ப்பாணத்து இணுவில்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. தவில் மேதை தெட்சணாமூர்த்தி 1933இல் பிறந்த ஊர் இது. அவர் 1975இல் மறைந்தபின்னும் தவிலும் நாதஸ்வரமும் இவ்வூரின் பெயரோடு சேர்ந்தே பேசப்படுகின்றன. ஆனால் அந்தச் சின்னக் கூட்டுக்குள் ஒரு பொறியியல் இருக்கிறது. துணியின் நூல் விரலைச் சுற்றிப் போகிறது. அடி விழும்போது கூடு விரிந்து பிளக்கப் பார்க்கும். அந்த விரிவை நூல் பிடித்து நிறுத்துகிறது. நூல் விரலின் நீளவாக்கில் மட்டும் போயிருந்தால் இவ்வளவு தாங்காது. செய்பவர் கணக்குப் போட்டுச் செய்யவில்லை, ஆனாலும் நாரைச் சரியான திசையில் போட்டுவிட்டார்.

நாரையும் பசையையும் படைபடையாக ஏற்றி, ஓர் ஆளுக்கோ ஒரு வேலைக்கோ அளவான பொருளை நேரே உருவாக்குவதுதான் இன்று அமெரிக்காவிலும் சீனாவிலும் ஐரோப்பாவிலும் சென்னையிலும் பெரும் பணம் போட்டு ஆராயப்படுகிறது. துணிக்குப் பதிலாகக் காபன் நார், மாப்பசைக்குப் பதிலாக நைலோன் அல்லது எபொக்சி, செய்பவரின் கைக்குப் பதிலாகக் கணினி சொல்லும் வழியில் நகரும் ஒரு முனை. உயர்தரக் கூட்டுப்பொருள்களை முப்பரிமாணத்தில் அச்சிடும் தொழில்நுட்பம் என்று இதற்குப் பெயர். விமானம், விண்கலம், பந்தயக் கார் என்றுதான் இதைப் பற்றிய செய்திகள் வருகின்றன. குடாநாட்டுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்டால், நிறைய இருக்கிறது என்பதே என் பதில். ஆனால் விற்பனைக்காரர் காட்டும் இடத்தில் அது இல்லை.

பனைக்குத் தெரிந்த கணக்கு

முதலில் காபன் நார். ஒரு தனி நாரின் தடிப்பு 5 முதல் 7 மைக்ரோமீற்றர். தலைமயிரில் ஏறத்தாழப் பத்தில் ஒன்று. 1971இல் யப்பானின் டோரே நிறுவனம் சந்தைக்கு விட்ட ரி-300 என்ற வகை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அந்த நார் ஒரு சதுர மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 3,500 நியூட்டன் இழுவையைத் தாங்கும். கட்டட வேலைக்குப் போகும் சாதாரண உருக்கு 400 நியூட்டன் அளவில் அறுந்துவிடும். நாரின் எடையோ அதே பருமனுள்ள உருக்கின் கால்வாசிக்கும் குறைவு. இந்த எண்களைக் கேட்டவுடன் ஆசை பிறப்பது இயல்புதான்.

ஆனால் அந்த வலிமை நாரின் நீளவாக்கில் மட்டும் கிடைப்பது. நாருக்குக் குறுக்கே இழுத்தால் பிடித்திருப்பது பசைதான். அதன் வலிமை நாருடையதில் ஒரு சிறு பங்குகூட இல்லை. அதனால்தான் விமான இறக்கை செய்பவர்கள் நார்த்தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வெவ்வேறு கோணங்களில் அடுக்குகிறார்கள்: ஒன்று நேராக, ஒன்று 45 பாகையில், ஒன்று குறுக்கே. போயிங் 787 விமானத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி இப்படிப்பட்ட கூட்டுப்பொருள். எந்தப் படையில் நார் எந்தத் திசையில் போகிறது என்பதே அந்த இறக்கையின் உயிர்.

இந்தக் கணக்கு நமக்குப் புதிதல்ல. பனையை அறுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வெளிப்புறத்தில் கறுத்த நார்கள் நெருக்கமாக, இறுக்கமாக இருக்கும், உள்ளே போகப் போக நார் ஐதாகி, நடுவில் வெறும் சோறு. காற்றில் மரம் வளையும்போது அதிக இழுவையும் அதிக அமுக்கமும் வெளிப்புறத்தில்தான் வரும். நடுவில் ஏறக்குறைய ஒன்றுமே வராது. தேவையான இடத்தில் நாரைச் செறித்து, தேவையில்லாத இடத்தில் மிச்சம்பிடித்து அத்தனை உயரம் எழுகிறது அந்த மரம். நமது தச்சர்கள் வளைக்கும் தீராந்திக்கும் சிலாகைக்கும் வெளிவைரத்தை எடுத்துக்கொண்டு சோற்றைக் கழித்துவிட்டதும் அதே அறிவுதான். இணுவில் கந்தசுவாமி கோவிலின் பெருமஞ்சத்தைப் போன்ற மரவேலையைச் செய்த கைகள், மரத்தின் ஓட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்காமல் உளியை வைத்திருக்க முடியாது.

நார் எங்கே, எந்தத் திசையில் போகவேண்டும் என்று தீர்மானிப்பதே இந்தத் துறையின் மூலதனம். இயந்திரம் அதற்கு அடுத்தபடிதான்.

துண்டு நார்

முப்பரிமாண அச்சின் கதை நாற்பது வருடங்களுக்கு மேற்பட்டது. யப்பானின் நகோயாவில் ஹிடியோ கொடாமா 1981இல் ஒளிபட்டு இறுகும் திரவத்தைக் கொண்டு படைபடையாக உருவம் எழுப்பினார். அமெரிக்கரான சக் ஹல் அதே வழியில் சென்று 1986இல் காப்புரிமை பெற்றார். பிளாஸ்ரிக் இழையை உருக்கி முனை வழியாகக் கோடு கோடாகப் போடும் முறையை ஸ்கொட் கிரம்ப் 1980களின் இறுதியில் கொண்டுவந்தார். அந்தக் காப்புரிமை 2009இல் காலாவதியானது. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் 2005இலேயே தொடங்கிவைத்த திறந்த வடிவமைப்புத் திட்டம் அதற்குப்பின் வேகமெடுத்தது. இன்று ஒரு கைப்பேசியின் விலைக்குள் அச்சுப்பொறி கிடைக்கிறது. பாடசாலைக் கண்காட்சிகளில் பிள்ளைகள் அதில் சாவிக்கொத்தும் பொம்மையும் அச்சிட்டுக் காட்டுகிறார்கள்.

அந்தப் பிளாஸ்ரிக் பொருளைக் கையால் முறித்துப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். அது கண்ட இடத்தில் முறிவதில்லை. படைக்கும் படைக்கும் இடையில் நேர்கோடாகப் பிரிகிறது. சூடான கோடு, ஏற்கெனவே ஆறிவிட்ட கோட்டின்மேல் விழுகிறது. இரண்டின் மூலக்கூற்றுச் சங்கிலிகளும் ஒன்றுக்குள் ஒன்று போய்ப் பின்னிக்கொள்ள நேரம் போதாது. ஒட்டுகிறது, ஆனால் ஒன்றாகிவிடவில்லை. இந்த இடைவெளியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிளாஸ்ரிக்கைப் பலப்படுத்த முதலில் செய்தது, காபன் நாரை மில்லிமீற்றரில் ஒரு பங்களவுக்கு நறுக்கி இழைக்குள்ளேயே கலந்துவிடுவது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுகூடத்தினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஏ.பி.எஸ். பிளாஸ்ரிக்கில் இப்படிக் கலந்தபோது இழுவை வலிமை ஏறத்தாழ 115 சதவீதமும் விறைப்பு ஏறத்தாழ 700 சதவீதமும் கூடியதைக் காட்டினார்கள். குறுகிய முனைக்குள்ளால் உருகிய பிளாஸ்ரிக் பிதுங்கும்போது துண்டு நார்கள் தாமாகவே ஓட்டத்தின் திசைக்குத் திரும்பிவிடுகின்றன. அச்சிட்ட பொருளுக்குள் சிறு வெற்றிடங்கள் கூடியதையும் அதே ஆய்வு பதிவுசெய்தது.

துண்டு நாரின் பெரிய நன்மை வலிமையில் இல்லை. காபன் சூட்டில் அதிகம் விரியாது, குளிரில் அதிகம் சுருங்காது. வெறும் பிளாஸ்ரிக்கில் பெரிய பொருளை அச்சிட்டால் ஆறும்போது ஓரங்கள் சுருண்டு தூக்கிக்கொள்ளும். நார் கலந்தால் அப்படி வளையாது. சூடாக்கிய அறை இல்லாமலே, திறந்த மண்டபத்தில் பல அடி நீளப் பொருளை அச்சிடலாம். 2014 செப்டெம்பரில் சிக்காகோ இயந்திரக் கண்காட்சியில் பார்வையாளர் முன்னிலையிலேயே ‘ஸ்ட்ராட்டி’ என்ற காரின் உடல் 44 மணித்தியாலத்தில் அச்சிடப்பட்டது இதனால்தான். 2016 ஓகஸ்டில் ஓக் ரிட்ஜ் கூடம் போயிங் 777-எக்ஸ் இறக்கை வேலைக்கான ஒரு தாங்குகருவியை 30 மணித்தியாலத்தில் அச்சிட்டது. நீளம் 17.5 அடி, எடை 1,650 இறாத்தல். உலோகத்தில் செய்தால் அதற்கு மூன்று மாதம் எடுக்கும்.

இந்த இரண்டில் கார் செய்திகளில் அதிகம் அடிபட்டது. அதைச் செய்த நிறுவனம் பின்னர் மூடப்பட்டுவிட்டது. தாங்குகருவியைப் பற்றி அதிகம் பேர் பேசவில்லை. ஆனால் நிலைத்தது அந்த வழிதான்: இறுதிப் பொருளை விட்டுவிட்டு, அதைச் செய்ய உதவும் அச்சையும் தாங்கியையும் அளவுகருவியையும் அச்சிடுவது. அமெரிக்காவின் மெய்ன் பல்கலைக்கழகம் 2019 ஒக்ரோபரில் 25 அடிப் படகொன்றை 72 மணித்தியாலத்தில் அச்சிட்டு உலகைத் திரும்பிப் பார்க்கவைத்தது. அதே பல்கலைக்கழகம் உள்ளூர்ப் படகு கட்டுவோருக்காக, மரநார் கலந்த பிளாஸ்ரிக்கில் படகு அச்சுகளைச் செய்யும் வேலையிலும் இறங்கியது. காரைநகருக்கும் குருநகருக்கும் இந்த இரண்டாவது வேலைதான் பொருந்தும். அதற்குப் பின்னர் வருகிறேன்.

அறாத நார்

நறுக்கிய நாரில் நாரின் முழு வலிமை வராது. நார் அறாமல் நீளமாகப் போகவேண்டும். 2014 ஜனவரியில் அமெரிக்காவின் மார்க்ஃபோர்ஜ்ட் நிறுவனம் மேசையில் வைக்கக்கூடிய ஓர் அச்சுப்பொறியைக் காட்டியது. அதில் இரண்டு முனைகள்: ஒன்று நைலோனைப் போடும், மற்றது பிளாஸ்ரிக் ஊறிய அறாத காபன் நாரை, கணினி சொன்ன வழியில் அயர்ன் பண்ணுவதுபோல அழுத்திக்கொண்டே போகும். பாதையின் முடிவில் ஒரு சிறு கத்தி நாரை வெட்டும். மோட்டார் உற்பத்தி ஆலைகளில் பொருளைப் பிடிக்கும் கிளிப்புகளும் தாங்கிகளும் அலுமினியத்திலிருந்து இதற்கு மாறத் தொடங்கின.

நமக்குக் கிட்டிய உதாரணம் சென்னையில் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. சூழலில் 2010களின் நடுப்பகுதியில் பிறந்த ஃபேப்ஹெட்ஸ் ஆட்டோமேஷன் நிறுவனம், அறாத காபன் நாரை அச்சிடும் இயந்திரங்களைச் செய்கிறது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான தினேஷ் கனகராஜ் முன்னர் இஸ்ரோவில் வேலைசெய்தவர். காபன் நார் வேலையில் பெரும்பகுதி இன்னமும் கைவேலை: தாளை வெட்டி, அடுக்கி, உருளையால் தேய்த்து, காற்றை வெளியேற்றி, அடுப்பில் வைப்பது. அதை இயந்திரத்திடம் ஒப்படைப்பதே அவர்களது நோக்கம். சென்னையில் அச்சிட்ட ரொக்கெட் இயந்திரம் என்றால் பலருக்கு அக்னிகுல் நினைவுக்கு வரும். 2024 மே 30ஆம் திகதி சிறீஹரிகோட்டாவிலிருந்து ஒற்றைத் துண்டாக அச்சிட்ட இயந்திரத்தோடு ரொக்கெட் ஏவியவர்கள் அவர்கள். அது உலோக அச்சு, வேறு கிளை. ஆனாலும் தமிழில் பேசிக்கொண்டு வேலை செய்யக்கூடிய தூரத்தில் இந்த இரண்டு கிளையிலும் ஆட்கள் இருக்கிறார்கள் என்பது நமது இளைஞருக்குச் சின்ன விஷயமல்ல.

விண்வெளியிலும் இது நடந்துவிட்டது. 2020 மே மாதம் சீனா ஏவிய சோதனை விண்கலத்துக்குள் இருந்த ஓர் அச்சுப்பொறி, புவியீர்ப்பு உணரப்படாத நிலையில் அறாத காபன் நாரைக் கொண்டு தேன்கூட்டு அமைப்பொன்றை அச்சிட்டது.

குறைகளையும் சொல்லவேண்டும். விமானத்துக்குச் செய்யும் கூட்டுப்பொருளில் பருமனில் ஏறத்தாழ 60 சதவீதம் நார் இருக்கும். அச்சிட்டதில் பெரும்பாலும் 30 முதல் 40 சதவீதம். விமானத் துண்டை அழுத்த அடுப்பில் வைத்து வளிமண்டலத்தைப்போல் ஆறேழு மடங்கு அழுத்தத்தில் வேகவைப்பதால் வெற்றிடம் ஒன்றிரண்டு சதவீதத்துக்கு மேல் இராது. அச்சுமுனையால் அந்த அழுத்தத்தைக் கொடுக்க முடியாது. நாரைக் கூர்மையாகத் திருப்பவும் முடியாது. சின்ன வளைவில் நார் மடங்கி, சில இழைகள் முறிந்து, ஓரம் சுருங்கிவிடும். விலையும் அதிகம்.

மூன்றாவது திசை

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய பிரச்சினை, முன்னர் சொன்ன அந்தப் படையிடைவெளி. அச்சுப்பொறி ஒவ்வொரு படையையும் தட்டையாகப் போடுகிறது. அந்தத் தளத்துக்குள் நாரை எந்தத் திசையிலும் ஓட்டலாம்: வட்டமாக, குறுக்காக, துளையைச் சுற்றி. ஆனால் ஒரு படையிலிருந்து மேலுள்ள படைக்கு ஒரு நாரும் ஏறுவதில்லை. அந்த உயரத் திசையில் பொருளைப் பிடித்திருப்பது வெறும் பிளாஸ்ரிக், அதுவும் அரைகுறையாக ஒட்டியது. படைவாக்கில் இழுத்தால் உள்ள வலிமையில் பாதிக்கும் கீழே அது இறங்குவது சர்வசாதாரணம். நார் சேர்த்தவுடன் படைவாக்கு வலிமை பல மடங்கு ஏறுகிறது. உயரவாக்கு வலிமை இருந்த இடத்திலேயே நிற்கிறது. வித்தியாசம் இன்னும் கூடுகிறது. விளம்பரத்தில் அச்சிடுவது படைவாக்கு எண்ணை மட்டும்தான்.

இதற்கு ஆய்வாளர்கள் பல வழிகளில் முயல்கிறார்கள். லேசரால் கீழ்ப்படையைச் சூடாக்கி, அதே கணத்தில் மேற்படையை உருளையால் அழுத்துவது ஒரு வழி. ஆறு மூட்டுள்ள இயந்திரக் கையில் முனையைப் பொருத்தி, தட்டையான படைகளை விட்டுவிட்டு வளைந்த மேற்பரப்பின் போக்கிலேயே நாரைப் போடுவது இன்னொன்று. அமெரிக்காவின் கன்ரினியூவஸ் கொம்பொசிட்ஸ் போன்ற நிறுவனங்கள் பிசின் ஊறிய நாரை வெளியில் இழுத்துக்கொண்டே ஒளியால் இறுக்குகின்றன. ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் ஜெனிபர் லூயிஸ் குழுவினர் 2014இல் எபொக்சிக்குள் காபன் துண்டுநாரும் சிலிக்கன் காபைட் நுண்ணிழையும் கலந்த மையைச் செய்து, பல்சா மரத்தின் உள்ளமைப்பைப் பின்பற்றி மிக இலேசான அறைகளை அச்சிட்டார்கள். அந்த எபொக்சி முழுப் பொருளிலும் ஒன்றாக இறுகுவதால் இந்த வழியில் படைகள் நன்றாகவே ஒட்டுகின்றன. என் பார்வையில் இவற்றில் மிகவும் நம்பிக்கை தருவது வளைந்த பாதை. பொருளின் உருவம் எப்படிப் போகிறதோ, சுமை எப்படிப் போகிறதோ, அப்படியே நாரும் போகவேண்டும். ஆனால் அந்த இயந்திரங்கள் குடாநாட்டுக்குள் வர நாளெடுக்கும். வரும்வரை காத்திருக்கத் தேவையும் இல்லை.

காரைநகரும் ஜெய்ப்பூர்க் காலும்

யாழ்ப்பாணத்துக்குக் கூட்டுப்பொருள் ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட பழக்கம். குருநகரைச் சேர்ந்த அன்ரனி இராஜேந்திரம் 1956இல் நோர்வேக்குப் போய் மீன்பிடித் தொழில் கற்றார். அவரது முயற்சியில் நோர்வேஜியரின் உதவியோடு 1967இல் சீநோர் நிறுவனம் பிறந்தது. காரைநகரில் அதன் படகுத்தளம் கண்ணாடிநார்ப் படகுகளைக் கட்டியது. இன்று கரையெங்கும் நாம் ‘பைபர் போட்’ என்று சொல்வது அதே வகைக் கூட்டுப்பொருள்தான்: அச்சுக்குள் மெழுகு பூசி, நிறப்பூச்சு விட்டு, கண்ணாடிநார்ப் பாயை விரித்து, பிசினை ஊற்றி, உருளையால் காற்றை வெளியேற்றுவது.

படகு கட்டுவதில் கஷ்டமான பகுதி அச்சுச் செய்வது. முதலில் மரத்தாலும் பலகையாலும் முழுப் படகின் உருவத்தைச் செய்து, தேய்த்து, மினுக்கி, அதிலிருந்து அச்சு எடுக்கவேண்டும். அதனால் ஒருமுறை செய்த அச்சை வருடக்கணக்காக வைத்து அதே படகைக் கட்டுகிறார்கள். நமது கடலுக்கும் நமது வலைக்கும் ஏற்றபடி உருவத்தை மாற்ற யாரும் துணிவதில்லை. அந்த மூல உருவத்தைத் துண்டு துண்டாக அச்சிட்டுப் பொருத்த முடிந்தால், நெடுந்தீவுக்கு ஒரு படகு, பரவைக்கடலுக்கு ஒரு படகு என்று தனித்தனியே யோசிக்கலாம். நாரைப் போடுவது பழையபடி கையாலேயே நடக்கட்டும். அந்தக் கை தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். பிசின் மணமும் கண்ணாடித் தூளும் அவர்களின் நெஞ்சுக்குள் போகாமல் முகக்கவசமும் காற்றோட்டமும் கிடைப்பது எந்தப் புது இயந்திரத்துக்கும் முன்னால் நடக்கவேண்டியது.

அதைவிட என் மனதை அதிகம் பிடித்திருப்பது செயற்கைக் கால். யுத்தத்தாலும் கண்ணிவெடியாலும் கால் இழந்தவர்கள் வடக்கில் ஆயிரக்கணக்கில் வாழ்கிறார்கள். நீரிழிவால் கால் இழப்பவர்கள் இப்போது அவர்களோடு சேருகிறார்கள். யாழ்ப்பாணத்தின் ஜெய்ப்பூர் வலுவிழந்தோர் புனர்வாழ்வு நிலையம் 1987இலிருந்து இவர்களுக்காக உழைக்கிறது. ஜெய்ப்பூர்ப் பாதமே ஒரு கூட்டுப்பொருள்தான். 1960களின் இறுதியில் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் வைத்தியர் பி. கே. சேத்தியும் உருவாக்கிய அந்தப் பாதத்துக்குள் கணுக்காலில் மரக்கட்டை, குதியிலும் முன்பாதத்திலும் மென்றப்பர், அவற்றைச் சுற்றி ரயர்களில் போடும் நைலோன் நார், மேலே றப்பர்த் தோல் எல்லாம் ஒன்றாக வெந்து இறுகியிருக்கின்றன. செருப்பில்லாமல் தோட்டத்தில் இறங்கலாம், குந்தியிருக்கலாம், சப்பாணி கொட்டி இருக்கலாம். செம்மண்ணில் வேலை செய்பவருக்கு வெளிநாட்டுக் காபன் பாதத்தைவிட அது பொருந்தியதற்குக் காரணம் அதுவே.

பாதம் எல்லோருக்கும் அளவு பார்த்துக் கொடுக்கலாம். மிச்சமிருக்கும் காலை உள்வாங்கும் கிண்ணம் அப்படியல்ல. அது ஒவ்வொருவருக்கும் தனி. பரிஸ் சாந்தில் பிரதி எடுத்து, எலும்பு துருத்தும் இடத்தில் சாந்து சேர்த்து, தசை அமுங்கும் இடத்தில் சுரண்டி, அதன்மேல் பிளாஸ்ரிக்கை இழுத்தோ நாரும் பிசினும் சுற்றியோ செய்கிறார்கள். மாதங்கள் போக மிச்சக்கால் மெலிகிறது, பிள்ளைகளோ வளர்கிறார்கள். மறுபடி முதலிலிருந்து. உருவத்தைக் கணினியில் ஏற்றி வைத்திருந்தால் அடுத்தமுறை மாற்றவேண்டிய இடத்தை மட்டும் மாற்றி அச்சிடலாம். ஓர் ஆளுக்கு ஒரு பொருள் என்ற வேலையில்தான் முப்பரிமாண அச்சு உண்மையில் வெல்கிறது. ஆயிரம் ஒரே பொருள் வேண்டுமென்றால் சாதாரண அச்சுவார்ப்பே மலிவு.

இங்கேதான் நார் போகும் வழியைக் கவனிக்கவேண்டும். கிண்ணத்தை நிமிர்த்தி வைத்து அச்சிட்டால் படைகள் கிடையாக அமையும். அறாத நார் காலைச் சுற்றி வட்டமாகப் போகும். தவில் கூட்டுக்கு அது சரி. நடக்கும் காலுக்குப் போதாது. அடி எடுத்து வைக்கும்போது கிண்ணம் முன்னும் பின்னும் வளைகிறது. ஒரு பக்கம் மேலும் கீழுமாக இழுபடுகிறது. அந்த இழுவை படைகளைப் பிரிக்கும் திசையில் வருகிறது. விலையுயர்ந்த காபன் நார் உள்ளே இருந்தும் அந்த இழுவைக்கு எதிராக ஒன்றும் செய்யாது. பிரியும்போது எச்சரிக்கை தராமல் ஒரேயடியாகப் பிரியவும் கூடும். வரம்பில் நடந்துபோகும் ஒருவருக்கு அது என்ன அர்த்தம் என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே நமக்கு உகந்தது ஒரு கலப்பு வழி. உருவத்தை அச்சுப்பொறி மெல்லிய ஓடாகச் செய்யட்டும். அதன்மேல் காபன் அல்லது கண்ணாடி நாரால் பின்னிய உறையை மேலிருந்து கீழாக இழுத்து, பிசின் ஊட்டி, வெற்றிடப் பையால் அமுக்கி இறுக்கட்டும் தேர்ந்த கை. செயற்கை உறுப்புத் துறையில் நாருறையும் பிசினும் பழைய வேலை. புதிது ஓடு மட்டும். உருவத்தில் இயந்திரம் துல்லியம், நாரின் திசையில் மனிதக் கை துல்லியம். ஆயிரக்கணக்கான டொலர் கொடுத்து அறாத நார் அச்சுப்பொறி வாங்குவதைவிட இது மலிவு, பலமும் கூட.

உடைத்துப் பார்க்கும் இயந்திரம்

எந்த வழியானாலும் சோதிக்காமல் ஒருவரின் காலில் பூட்டக்கூடாது. செயற்கைக் கால்களின் உறுதியைச் சோதிக்க ஐ.எஸ்.ஓ. 10328 என்ற சர்வதேசத் தரம் இருக்கிறது. அதில் காலை 30 இலட்சம் தடவை சுமையேற்றி இறக்கவேண்டும். விநாடிக்கு ஒரு தடவை என்று வைத்தால், இரவு பகலாக ஓடினாலும் ஏறக்குறைய 35 நாள். காற்றழுத்த உருளை, சுமை அளக்கும் கருவி, எண்ணும் கருவி, பலமான இரும்புச் சட்டம்: இவ்வளவுதான் அடிப்படை. மருதனார்மடம், சுன்னாகம், கொக்குவில் பக்கத்துப் பட்டறைகளில் இதைப் பொருத்தக்கூடிய கைகள் உண்டு. தரப்படி அளவிடவும் முடிவைக் கணிக்கவும் கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. புலம்பெயர்ந்தோர் ஊருக்கு அச்சுப்பொறி அன்பளிப்புச் செய்யும்போது படம் நன்றாக வரும். சோதனை இயந்திரத்தோடு யாரும் படம் எடுத்துக்கொள்வதில்லை. என்னைக் கேட்டால் முதலில் வாங்கவேண்டியது அதைத்தான்.

நமது வெயிலையும் உப்புக்காற்றையும் அந்தச் சோதனையில் சேர்க்கவேண்டும். மலிவான அச்சுப்பொறிகளில் அதிகம் பாவிக்கும் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்ரிக் 60 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கும். வைகாசி வெயிலில் பூட்டிய வாகனத்துக்குள் அந்தச் சூடு வந்துவிடும். நைலோன் சூட்டைத் தாங்கும், ஆனால் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். ஈரம் ஏறிய இழையை அப்படியே அச்சிட்டால் முனையில் நீராவி கொதித்து உள்ளே குமிழி விடும். கார்த்திகை மழைக்காலத்தில் இழையை உலர்த்தாமல் அச்சிட்ட பொருளுக்கும் பங்குனியில் அச்சிட்டதற்கும் வலிமை ஒன்றாக இராது. வெளிநாட்டு அட்டவணையில் இருக்கும் எண் நமது காற்றில் எடுத்ததல்ல.

பனந்தும்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. மெய்ன் பல்கலைக்கழகம் 2022 நவம்பரில் மரநாரும் தாவரப் பிசினும் கலந்து 600 சதுர அடி வீடொன்றை அச்சிட்டதிலிருந்து, உள்ளூர் நாரைக் கலந்தால் என்ன என்ற கேள்வி எங்கும் எழுகிறது. தமிழ்நாட்டுப் பொறியியற் கல்லூரிகளில் பனைநார்க் கூட்டுப்பொருள் ஆய்வுகள் பல நடந்திருக்கின்றன. கைதடியில் நமக்குப் பனை ஆராய்ச்சி நிறுவகம் இருக்கிறது. தடை இரண்டு: தாவர நார் ஈரம் குடிப்பது, பிளாஸ்ரிக்கோடு நன்றாக ஒட்டாதது. காரக் கரைசலில் ஊறவைத்து மேற்பரப்பைச் சுத்தம்செய்தால் ஒட்டல் கூடும். ஏறத்தாழ 200 பாகைக்கு மேல் சூடாக்கினால் நார் கருகத் தொடங்கும்; பி.எல்.ஏ. உருகி அச்சாகும் சூடும் அந்த அளவில்தான் இருப்பதால் அந்தச் சோடி பொருந்தும். செயற்கைக் காலுக்கோ படகின் அடிப்பாகத்துக்கோ இது போகாது. படகு அச்சுக்கு, பொதிக்கு, வீட்டு அலங்காரத்துக்குப் போகும். பனங்கழிவுக்கு அந்தளவு விலை கிடைத்தாலே நல்லது.

இணுவிலில் ஏதாவது ஒரு பாடசாலை அச்சுப்பொறியில் இந்தச் சோதனை வேலையை அடுத்த தவணையிலேயே தொடங்கலாம். ஒரே அளவான பட்டைகள் இரண்டு கட்டு: ஒன்று கிடையாக வைத்து அச்சிட்டது, மற்றது நிமிர்த்தி வைத்து அச்சிட்டது. நுனியில் வாளியைத் தொங்கவிட்டு, முறியும்வரை தண்ணீர் ஊற்றி, எத்தனை லீற்றரில் முறிந்தது என்று கொப்பியில் எழுதவேண்டும். பிறகு நிமிர்த்தி அச்சிட்ட பட்டைமேல் ஒரு துண்டுக் கண்ணாடிநார்ப் பாயைப் பிசினால் நீளவாக்கில் ஒட்டி, காயவிட்டு, மறுபடி தொங்கவிடவேண்டும். பிசின் தடவும் வேலையைக் கையுறை போட்ட ஆசிரியர் வெளிமுற்றத்தில் செய்யட்டும். தண்ணீர் ஊற்றுவதும் எண்ணுவதும் பிள்ளைகளுடைய வேலை.